நம்மைப் பார்த்து நீளும் பாலம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஆழ்ந்த சிந்தனையில் உதிக்கவில்லை. ஓசியில் பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

என் வீட்டு பிரிண்டர் மண்டையைப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நாவலின் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் கணினிக்குள் கிடந்தது. திரையில் படித்தால் என் எழுத்து எனக்கே பிரமாதமாகத் தெரிகிறது. தாளில் படித்தால்தான் அதன் லட்சணம் புரியும். தங்கச்சி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கதவு அகலத் தாளைக்கூட விழுங்கும் பிரிண்டர் ஒன்று உண்டு. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போய் நின்றேன்.

"எத்தன பக்கம்?" என்றாள்.

"கொஞ்சந்தான்."

"புளுகாத. உன் கொஞ்சம்னா முந்நூறு."

இவளைச் 'சின்னவள்' என்றே இந்தக் கதையில் சொல்லப்போகிறேன். வீட்டில் அப்படித்தான். நான் பெரியவள். எங்களுக்குள் எட்டு வயது வித்தியாசம், அதை அவள் ஒருநாளும் மதித்தது கிடையாது. அவளுடைய வேலை நமது பால்வெளியின் நடுப்பகுதிக்கு வரைபடம் போடுவது. (கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது. கொஞ்சம் பொறுங்கள், அடுத்த பக்கத்தில் சண்டை இருக்கிறது.)

2

பிரிண்டரில் தொடங்குவது அழகாக இல்லையே என்று வேறு மூன்று தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

*முடிவற்ற பிரபஞ்சத்தின் மௌனத்தில், தனித்த ஒரு பெண்…*

போனில் சின்னவளுக்கு வாசித்துக் காட்டினேன். "முடிவற்றதுன்னு உங்கிட்ட யாரு சொன்னா? அது இன்னும் யாருக்கும் தெரியாது. அப்புறம் அந்தத் தனித்த பெண் யாரு? எங்க ரூம்ல ஒன்பது பேரு. ஏசி ரிமோட்டுக்கு தினம் அடிதடி" என்றாள். அடித்தேன். வரியைத்தான்.

*அவள் கண்களில் நட்சத்திரங்கள் மின்*

மின்னியது சொட்டு மருந்து. நாள் முழுக்க எண்களையே பார்த்துக் கண் வறண்டுவிட்டது அவளுக்கு.

*இரவெல்லாம் அவள் வானத்தைப் பார்த்தபடி*

பார்க்கவே இல்லை. ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறாள். தொலைநோக்கி எங்கோ ஒரு மலையுச்சியில் இருக்கிறது. அங்கே இரண்டு முறை போயிருக்கிறாள். ஒரு முறை மேகம், மறுமுறை வயிற்றுப்போக்கு. அவளுக்கு வந்து சேர்வதெல்லாம் எண்கள்தான்: எந்தத் திசை, என்ன நிறம், எவ்வளவு பிரகாசம். இப்படி இரண்டு கோடி நட்சத்திரங்களுக்கு. கதாசிரியர்கள் நம்பி ஏமாந்த தொழில்களில் இதுவும் ஒன்று.

ஆகவே பிரிண்டரே இருக்கட்டும்.

3

அவள் வேலையில் உள்ள சிக்கலைச் சொல்லிவிட்டால் கதை தானாக நகரும்.

நாம் பால்வெளிக்கு உள்ளே இருக்கிறோம். வெளியே போய் ஒரு போட்டோ எடுக்க வழியில்லை. ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி வீடு முழுவதற்கும் படம் வரைய வேண்டும். நடுவில் தூசி வேறு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வயதான சிவப்பு நட்சத்திரங்களில் ஒரு வகை ஏறக்குறைய ஒரே அளவு ஒளியுடன் எரிகிறது. நீண்ட தெருவில் ஒரே வாட் பல்பாகப் போட்டிருந்தால், மங்கலாகத் தெரிவது தூரத்துப் பல்பு என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்குதான். ஆனால் இடையில் பனிமூட்டம் இருந்தால் பக்கத்துப் பல்பும் மங்கும், நாம் அதைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். சின்னவளின் ஆறு வருடமும் இந்தத் தூசிப் பனிமூட்டத்தைக் கழிப்பதில் போயிருக்கிறது.

பால்வெளியின் நடுவில் நட்சத்திரங்கள் ஒரு நீளமான கட்டை போலத் திரண்டு கிடக்கின்றன. அது பழைய சேதி, எல்லோருக்கும் தெரியும். சின்னவளின் படத்தில் புதிதாக ஒன்று இருந்தது. அந்தக் கட்டையின் நம் பக்கத்து முனையிலிருந்து நட்சத்திரங்களின் கீற்று ஒன்று கிளம்பி, இந்தப் பக்கமாக நீண்டு வந்தது. இதற்கு முன் யாரும் அதை வரைந்ததில்லை. அவள் அதற்குப் 'பாலம்' என்று பெயர் வைத்திருந்தாள். படம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வெளியீட்டுக்குப் போக வேண்டும். குழுத்தலைவி என்று அவள் பெயர் முதல் ஆளாக வரப்போவது இதுதான் முதல் தடவை.

(அடிக்குறிப்பு போட இடமில்லை, இங்கேயே சொல்கிறேன். சின்னவளோடு இருக்கும் எங்கள் அம்மா சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நாம எங்கடி இருக்கோம்?" என்றாளாம். சின்னவள் ஒரு புள்ளியைக் காட்டினாள். "இவ்வளவு ஓரத்துலயா? நல்லதாப் போச்சு. நடுவுல ஒரே நெரிசலா இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா அதன் மேலேயே தட்டை வைத்துவிட்டாள்.)

4

இந்த இடத்தில் வில்லன் வர வேண்டும்.

முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசையும் குறுகிய கண்களும் கொடுத்திருந்தேன். *சின்னவளின் வளர்ச்சி பொறுக்காத அவர், பற்களை நறநறவென்று*

அவர் அப்படியெல்லாம் இல்லை, நறநறக்க அவருக்குக் கடைவாய்ப்பல்லும் இல்லை. மெலிந்த மனிதர், சின்னவளைவிடப் பத்து வயது மூத்தவர். படிக்க ஒரு கண்ணாடி மூக்கில், தூரத்துக்கு ஒரு கண்ணாடி நெற்றியில். இரண்டு கோடி நட்சத்திரங்களில் ஏமாற்றுக்காரர்களைப் பொறுக்கி வெளியே தள்ளுவது அவர் வேலை: ஒன்று போலத் தெரியும் இரட்டைகள், நடுவில் இருப்பதுபோல் பாவனை செய்யும் பக்கத்து நட்சத்திரங்கள், அளந்தபோதே கோணலாகிப்போனவை. அதனால் அவர் பெயர் 'சல்லடை'. அவருக்கே அந்தப் பெயர் பிடிக்கும், டீ குடிக்கும் கோப்பையில் எழுதி வைத்திருக்கிறார். எதைத் தள்ளுவதற்கு முன்னாலும் "வருத்தமாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார்.

புதன்கிழமை என் நாவலின் நூற்றுப் பத்தாவது பக்கம் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தபோது அவர் சின்னவளின் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்தப் பாலம்."

"சொல்லுங்க சார்."

"அது நேரா நம்மளப் பாத்து வருது."

"ஆமா. அதுக்கு என்ன?"

"வருத்தமாத்தான் இருக்கு" என்றார் சல்லடை.

பிரிண்டர் பாட்டுக்கு என் நூற்றுப் பதினோராவது பக்கத்தைத் துப்பியது.

5

நம்மைப் பார்த்து வருவதில் அப்படி என்ன தப்பு? எனக்கும் புரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

சல்லடை பொறுமையாகச் சொன்னார். ஒரு நட்சத்திரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். எவ்வளவு தூரம் என்பதில்தான் தப்பு வரும். ஆகவே தப்பு பக்கவாட்டில் போகாது, நம் பார்வைக் கோட்டிலேயே முன்னும் பின்னும் இழுக்கும். உருண்டையாக இருக்கிற கூட்டம்கூட நம் பக்கமாக இழுபட்டு நீளமாகத் தெரியும். "வரைபடத்துல இருக்கிற பிழை எல்லாம் வரைஞ்சவங்களப் பாத்துத்தான் கைய நீட்டும்" என்றார்.

"பனிமூட்டத்த நான் கழிச்சாச்சு சார். மூணு விதமா கழிச்சேன்."

"தெரியும் மேடம். பாலம் நெசமாவும் இருக்கலாம். இல்லன்னா அது நம்ம பிழையாவும் இருக்கலாம். எது எதுன்னு தெரியாம அனுப்பினா, நாளைக்கு நாலு பேரு அது மேல நடக்க ஆரம்பிச்சிடுவாங்க."

சின்னவள் மேசையில் இருந்த படத்தின் சுருண்ட ஓரத்தை நீவி விட்டாள், அது மறுபடி சுருண்டது. ஆறு வருடம். பல்லைக் கடித்துக்கொண்டு, "சோதிச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

6

சோதனை இதுதான். சல்லடை கணினிக்குள் எட்டுப் பொய்யான பால்வெளிகளை உண்டாக்குவார். நான்கில் பாலம் இருக்கும், நான்கில் இருக்காது. எட்டுக்கும் நிஜத்தில் உள்ள அதே பனிமூட்டத்தையும் அதே அளவுப் பிழையையும் கலந்து, சின்னவளின் முறைப்படியே படம் போடுவார். அவள் எட்டையும் பார்த்து, எதில் பாலம் உண்டு, எதில் இல்லை என்று குறிக்க வேண்டும். எட்டும் சரியாக இருந்தால் அவள் பாலத்தை நம்பலாம். இல்லாத இடத்தில் உண்டு என்று சொல்லிவிட்டால் பாலம் அம்பேல்.

"பொய்யான பால்வெளியா! அட, இது எங்க தொழிலாச்சே" என்றேன்.

"பொய்ய ஒழுங்கா செஞ்சாத்தான் நெசத்த நம்ப முடியும்" என்றார் சல்லடை. இவரைப் போய் வில்லனாக்கப் பார்த்தேனே!

தாள்களைக் கலைத்துப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. சல்லடைக்கு விடை தெரியும், முகத்தில் காட்டிவிடுவார். அறையில் மற்ற எல்லோருக்கும் பாலத்தின் மேல் ஆசையோ பொறாமையோ இருந்தது. எட்டுத் தாளும் எனக்கு ஒரே மாதிரி தூசிப்படலமாகத் தெரிந்ததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தாளின் பின்பக்கம் 'உண்டு', 'இல்லை' என்று பென்சிலில் எழுதியிருக்கும். நான் கண்ணை மூடிக் கலைத்து, பின்பக்கத்தை மறைத்து ஒட்டி, முன்னால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைகூடச் செய்துவிடும்.

வியாழக்கிழமை காலை சின்னவள் முதல் தாளைப் பார்த்து 'இல்லை' என்று குறித்தாள். இரண்டாவது: 'உண்டு'. மூன்றாவதை எடுத்தவள், அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இதுவும் அடுத்ததும் இல்ல. அஞ்சு உண்டு. ஆறு மறுபடி இல்ல. ஏழும் எட்டும் உண்டு. சரியா?"

சல்லடை தாள்களின் பின்பக்கத்தை உரித்துப் பார்த்தார். எட்டும் சரி.

"நீ கண்ண மூடிக் கலைக்கல. ஆரம்பத்துல ஒண்ணுமில்லாம வச்சு, கொஞ்சம் ஆசை காட்டி, நடுவுல ஏமாத்தி, கடைசில கொண்டாட்டம். உன் எல்லா நாவலும் இப்படித்தாங்கா இருக்கு!"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். என்ன செய்வது, எட்டு விஷயத்தைக் கையில் கொடுத்து வரிசைப்படுத்து என்றால் என் கை சும்மா இருக்காது. கண்ணை மூடத்தான் நினைத்தேன். ஆனால் முதல் தாளே 'உண்டு' என்று வந்தபோது, இப்படி எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தால் யார் படிப்பார்கள் என்று மாற்றி வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே மாறிவிட்டது.

படத்தைப் பார்க்காமலே பதில் வந்துவிட்டதால் சோதனை செல்லாது. புதிதாக எட்டுப் பொய்கள் செய்ய வேண்டும், கணினிக்கு மறுநாள் காலை வரை வேலை. சல்லடை "வருத்தமாத்தான் இருக்கு" என்றார். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

7

(இந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று நான்கு முறை யோசித்தேன்.)

அன்று மதியம் கேன்டீனில் சின்னவள் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"தாளுன்னு இல்லக்கா. உன் கதைல வர்ற தங்கச்சிங்க எல்லாம் கடைசில அக்கா மடியில வந்து விழுறாங்க. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அக்கா ஒரு வார்த்த சொல்லுவா, சரியாயிடும். எனக்கு அப்படி ஒண்ணும் ஆனதில்லையே."

"அது கதைடி."

"அதான் சொல்றேன். எல்லாரும் உன்னப் பாத்தே கைய நீட்டுறாங்க. சல்லடை சார்கிட்ட குடு, பாதி பேரத் தூக்கிப் போட்டுடுவாரு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. இந்தக் கதையின் அப்போதைய பிரதியில், நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த உச்சக்கட்டம் இது:

*அவள் உடைந்துபோய் என் தோளில் சாய்ந்தாள். "அக்கா, நீ மட்டும் இல்லன்னா…" என்று விம்*

விம்மட்டும். வெட்டிவிட்டேன். வாசகர்களே, இதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பும் வரி ஒவ்வொன்றையும் சல்லடையில் போட்டே அனுப்பியிருக்கிறேன்.

8

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதிய எட்டுத் தாள்களும் சின்னவள் வீட்டுக்கு வந்தன. இந்த முறை எத்தனையில் பாலம் வைத்தார் என்பதை சல்லடை யாருக்கும் சொல்லவில்லை. பின்பக்கத்தையும் அவரே ஒட்டி மறைத்துவிட்டார், என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுவும் போதாதென்று, கலைக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். சின்னவளைக் குளியலறைக்கு அனுப்பிவிட்டு அம்மா முன்னால் தாள்களைக் கவிழ்த்துப் பரப்பினேன்.

"ஏதாவது ஒண்ண எடும்மா."

"எது நல்லதுன்னு சொல்லு, அத எடுக்கறேன்."

"அது தெரியக்கூடாதும்மா, அதுக்குத்தான் உன்ன எடுக்கச் சொல்றோம்."

"நல்ல கூத்தா இருக்கே! இதுக்கா ரெண்டு பேரையும் அவ்வளவு படிக்க வச்சேன்?"

முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து எண்ணை ஒட்டினாள். கடைசித் தாளை மட்டும் எடுக்க மறுத்தாள். அது தனியாக இருக்கிறதாம், பாவமாம். எட்டாவது எண்ணை நானே ஒட்டினேன். அதில் என் கைவண்ணம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடம். ஏசி ரிமோட்டைப் பற்றி அன்று யாருக்கும் கவலையில்லை. சல்லடையை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். சின்னவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். முதல் தாளுக்கு ஐந்து நிமிடம், மூன்றாவதற்குப் பதினைந்து. ஐந்தாவதில் ஒரு முறை குறித்து, அடித்து, மறுபடி அதையே குறித்தாள். நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். (அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.) பன்னிரண்டேகாலுக்குப் பேனாவை மூடினாள்.

"சார், உள்ள வாங்க. உரிங்க."

9

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதியிருக்கிறேன். ஒன்று நடந்தது, ஒன்று நான் செய்த பொய். இரண்டிலும் ஒரே அளவு பனிமூட்டத்தைக் கலந்திருக்கிறேன். எது முன்னால், எது பின்னால் என்று நான் முடிவு செய்யவில்லை. இரண்டு தாளையும் கவிழ்த்துவைத்து அம்மாவை எடுக்கச் சொன்னேன். "மறுபடியுமா?" என்று திட்டிவிட்டே எடுத்தாள்.

முதல் முடிவு.

சல்லடை ஒவ்வொன்றாக உரித்தார். ஆறு சரி. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் அவள் 'உண்டு' என்று குறித்திருந்தாள், பின்னால் 'இல்லை' என்று இருந்தது. இல்லாத அந்த இரண்டு பாலமும் நேராக நம்மைப் பார்த்தே நீண்டிருந்தன. சல்லடை வாயைத் திறந்தார். அதற்குள் சின்னவள் அவர் குரலிலேயே "வருத்தமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவளே சிரித்தாள், அதைப் பார்த்து சல்லடை கடைவாய் ஓட்டை தெரியச் சிரித்தார். என்னை அவள் பார்க்கவில்லை. நாலே முக்காலுக்குப் படம் போனது. பாலம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, 'இங்கே என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தாள். படத்திலேயே நம்பகமான இடம் அதுதான் என்றாள்.

இரண்டாம் முடிவு.

சல்லடை ஒவ்வொன்றாக உரித்தார். எட்டும் சரி. மூன்றாவது தாளை மட்டும் இரண்டு முறை பார்த்தார், ஐந்தாவதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியையும் நெற்றிக் கண்ணாடியையும் கழற்றித் துடைத்து, இடம் மாற்றி மாட்டிக்கொண்டார். பழக்க தோஷத்தில் "வருத்தமாத்தான் இருக்கு" என்றார். "தூக்கிப் போட ஒண்ணுமே இல்ல மேடம்." சின்னவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என்னை அவள் பார்க்கவில்லை. நாலே முக்காலுக்குப் படம் போனது. பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது, நேராக நம்மைப் பார்த்தபடி.

எது நிஜம் என்று ஓரத்தில் குறியுங்கள். சோகமாக இருந்தால்தான் இலக்கியம் என்று முதலாவதைக் குறிப்பவர்களும், நல்லதே நடக்கட்டும் என்று இரண்டாவதைக் குறிப்பவர்களும், குறிப்பதற்கு முன் சல்லடையை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

10

இங்கேயே முடித்திருப்பேன். பிழை பார்க்கச் சொல்லிச் சின்னவளுக்கு அனுப்பியதுதான் வினையாகிவிட்டது. சிவப்பு மையில் பதினான்கு திருத்தங்களோடு திரும்பி வந்தது. இரண்டு கோடி இல்லை, ஒரு கோடியே தொண்ணூறு லட்சம். வயிற்றுப்போக்கை எழுதியிருக்க வேண்டாம். சல்லடை சாருக்கு மீசை உண்டு, நீ கவனிக்கவில்லை.

கடைசித் திருத்தம் இரண்டு முடிவுகளுக்கும் நடுவில், சரியாகப் பாதி இடைவெளியில் இருந்தது:

"ரெண்டுலயும் நான் உன்னப் பாக்கலன்னு எழுதியிருக்க. ரொம்ப அடக்கமாக்கும்! பாத்தேன். சார் முதல் தாள உரிக்கப்போறப்ப உன்னத்தான் திரும்பிப் பாத்தேன். நீ தலையக் குனிஞ்சு நோட்டுல எழுதிட்டு இருந்த. கேன்டீன்ல நான் சொன்னது நெசந்தான். ஆனா தூசியத் தட்டுறேன்னு நட்சத்திரத்தையும் சேத்துத் தட்டிட்ட. நம்மளப் பாத்து வர்றது எல்லாமே பிழை இல்லக்கா."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளி, பன்னிரண்டேகால். 'சார், உள்ள வாங்க. உரிங்க' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில் சல்லடையின் விரல்களைப் பற்றி ஒரு நீண்ட வர்ணனை. அவள் பார்த்தது அந்த வர்ணனைக்குள் எங்கோ போய்விட்டது.

முடிவை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நான் சின்னவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன், நோட்டை எடுத்துப் போகவில்லை. எதற்கு வந்தாய் என்று கேட்டால், பிரிண்டர் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.